மாலை 4:16-க்குத் திரும்பிப் போவது

செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் வந்து கலக்கிறது. அங்கிருந்து ஆறு அனகாபுத்தூர், பொழிச்சலூர், கவுல் பஜார் ஓரமாக வளைந்து போய், மீனம்பாக்கம் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதைக்கு அடியில் புகுகிறது. அந்த இடத்தில் ஓடுபாதையே ஆற்றின் மேல் பாலமாகக் கட்டப்பட்டிருக்கிறது. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலை 8:30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. மண்ணிவாக்கம், முடிச்சூர் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீரும் அதோடு சேர்ந்தது. விமான நிலையத்திலிருந்து பயணிகள் விமானங்கள் மறுபடி கிளம்ப டிசம்பர் 6 ஆயிற்று.

வெள்ளம் வடிந்த பிறகு அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி, கூழாகிப்போன மதிப்பெண் சான்றிதழ்களுக்கும் பத்திரங்களுக்கும் ரேஷன் அட்டைகளுக்கும் கட்டணமில்லாமல் நகல் கொடுத்தது. ஒவ்வொன்றின் மூலப்பதிவும் வேறோர் அலுவலகத்தில் பத்திரமாக இருந்ததால்தான் அது முடிந்தது. கரையோரத்து மருந்துக்கடையின் விற்பனைக் கணக்குக்கோ, கிளினிக்கின் நோயாளிக் குறிப்புகளுக்கோ, சிறு பள்ளியின் கட்டணப் பதிவுக்கோ அப்படி மூலப்பதிவு வைத்திருக்கும் அலுவலகம் கிடையாது. அவை தரைத்தளத்தில், மேசைக்கு அடியில், ஒரு சி.பி.யூ. பெட்டிக்குள் இருப்பவை. பேக்கப் எடுக்கும் வழக்கம் உள்ளவர்கள்கூட, அதே பெட்டியில் எப்போதும் செருகியிருக்கும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். முழங்கால் அளவுத் தண்ணீர் வந்தால் மூலமும் நகலும் ஒன்றாகவே போகும்.

அந்தப் பெட்டிக்குள் இருக்கும் டேட்டாபேஸ் பற்றியது இந்த அத்தியாயம். நகல் எடுப்பதைவிட, எடுத்த நகலிலிருந்து டேட்டாபேஸை மறுபடி எழுப்பி நிறுத்துவதைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன். பேக்கப் மென்பொருளை வாங்கி நிறுவுவது ஒரு மதிய வேலை. ரீஸ்டோர்தான் உண்மையான வேலை. அதைத்தான் யாரும் செய்துபார்ப்பதில்லை.

*

ஒரு புகைப்படத்தைப் பென் டிரைவில் இழுத்துப் போட்டால் நகல் தயார். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் கோப்பை அப்படி எடுக்க முடியாது. மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர் தன் கோப்புகளைப் பூட்டி வைத்திருக்கும். காப்பி செய்யவே விடாது. லினக்ஸில் ஓடும் போஸ்ட்கிரஸும் மைஎஸ்கியூஎல்லும் தடுப்பதில்லை. காப்பி ஆகிவிடும், அளவும் சரியாக இருக்கும், உள்ளே மட்டும் பிழை இருக்கும். ஆபத்தில் இதுவே பெரியது.

ஏன் என்று பார்ப்போம். டேட்டாபேஸ் தன் கோப்பைச் சிறுசிறு பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. எஸ்கியூஎல் சர்வரிலும் போஸ்ட்கிரஸிலும் ஒரு பக்கம் 8 கிலோபைட். மைஎஸ்கியூஎல்லில் பொதுவாக 16 கிலோபைட். மருந்துக்கடையில் ஒரு பட்டை பாராசிட்டமால் விற்றால் பில் அட்டவணையில் ஒரு வரி கூடும், இருப்பு அட்டவணையில் ஒரு எண் குறையும், வரிக் கணக்கில் ஒரு தொகை ஏறும். மூன்றும் மூன்று வெவ்வேறு பக்கங்களில் இருக்கும். வேகத்துக்காக இந்த மாற்றங்கள் முதலில் மெமரியில் உள்ள பக்கங்களில்தான் நடக்கின்றன. டிஸ்க்கில் உள்ள பக்கங்களுக்கு அவை பிறகு, வசதிப்பட்ட நேரத்தில், வசதிப்பட்ட வரிசையில் போய்ச் சேரும். காப்பி முடியப் பத்து நிமிடம் ஆகிறது என்றால், கோப்பின் தலைப்பகுதி 9 மணி நிலவரத்தையும் வால்பகுதி 9:10 நிலவரத்தையும் காட்டும். பில் இருக்கும், இருப்பு குறைந்திருக்காது. அல்லது இருப்பு குறைந்திருக்கும், பில் இருக்காது. ஒரே பக்கத்தின் முதல் பாதி புதியதாகவும் மறுபாதி பழையதாகவும் சிக்கிக்கொள்வதும் உண்டு.

பெரும்பாலான டேட்டாபேஸ்கள் இதற்குக் கண்ட தீர்வு ஒன்றே. பழைய மளிகைக் கடைகளில் வியாபாரம் நடக்க நடக்கச் சிட்டையில் வரிசையாக எழுதிவிடுவார்கள். ஓய்ந்த நேரத்தில் அதைப் பார்த்துப் பேரேட்டில் ஆள்வாரியாக ஏற்றுவார்கள். டேட்டாபேஸ் பக்கங்கள் பேரேடு என்றால் லாக் என்பது சிட்டை. எந்த மாற்றமும் முதலில் லாக்கில் எழுதப்பட்டு, அது டிஸ்க்கில் பத்திரமாக இறங்கிய பிறகுதான் 'பில் முடிந்தது' என்ற பதில் கவுன்ட்டருக்கு வரும். லாக்கில் வரிசை மாறாது, நடுவில் அழித்தெழுதுவதும் கிடையாது. ஒவ்வொரு வரிக்கும் ஏறுமுகமான ஒரு எண் உண்டு. ஒரு பக்கத்தைக் கடைசியாகத் தொட்ட லாக் வரியின் எண் அந்தப் பக்கத்தின் தலைப்பிலேயே பொறிக்கப்படும். இந்தச் சின்ன ஏற்பாட்டின் மேல்தான் மீட்பு முழுவதும் நிற்கிறது.

இதற்கு முழுமையான இலக்கணம் வகுத்தவர்களில் முதல் பெயர் நம் ஊர்க்காரருடையது. சி. மோகன் 1955-இல் தமிழ்நாட்டில் பிறந்து, கிண்டி ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்து, 1977-இல் பட்டம் பெற்றவர். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 1981-இல் கணினி அறிவியலில் முனைவர் ஆனார். பிறகு சான் ஹோசேயில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் சேர்ந்தார். டான் ஹேடர்லி, புரூஸ் லிண்ட்சே, ஹமீத் பிராஹேஷ், பீட்டர் ஷ்வார்ஸ் ஆகியோரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1992 மார்ச்சில் வெளிவந்தது. 69 பக்கம். அதில் விவரிக்கப்பட்ட முறைக்கு ஏரீஸ் என்று பெயர். ஐ.பி.எம்.மின் டிபி2 அதன்படி நடக்கிறது. எஸ்கியூஎல் சர்வரும் ஏரீஸ் முறையைத்தான் பின்பற்றுகிறது. போஸ்ட்கிரஸ் சில இடங்களில் வேறு வழியில் போகிறது, ஆனால் 'முதலில் லாக்' என்ற விதி அதற்கும் பொது. பம்மலிலும் பொழிச்சலூரிலும் கரண்ட் போய்வந்த பிறகு பில்லிங் கணினி எதுவும் நடக்காததுபோல் எழுந்துகொள்கிறதே, அந்தச் சில விநாடிகளில் உள்ளே ஓடுவது இந்த முறைதான். தமிழ் வாசகர்கள் பெயர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஞ்ஞானிகளில் மோகனும் ஒருவர் என்று நான் கருதுகிறேன்.

ஏரீஸ் மூன்று சுற்றாக வேலை செய்கிறது. முதல் சுற்றில் லாக்கைப் படித்து, கரண்ட் போன நொடியில் எந்தெந்த வேலைகள் பாதியில் நின்றன, எந்தப் பக்கங்கள் டிஸ்க்குக்குப் போய்ச் சேராமல் இருந்திருக்கலாம் என்று கண்டுபிடிக்கும். இரண்டாவது சுற்றில் நடந்ததையெல்லாம் நடந்த வரிசையிலேயே திரும்ப நடத்தும். இங்கேதான் நுட்பம் இருக்கிறது: முடிந்த வேலைகளை மட்டுமல்ல, பாதியில் நின்றவற்றையும் சேர்த்தே திரும்ப நடத்தும். பக்கத்தின் தலைப்பில் உள்ள எண்ணையும் லாக் வரியின் எண்ணையும் ஒப்பிட்டு, ஏற்கெனவே ஏறிவிட்ட மாற்றங்களை விட்டுவிடும். இப்படிச் செய்ததும் டேட்டாபேஸ் கரண்ட் போன அந்த நொடிக்கு அப்படியே வந்து நிற்கும். மூன்றாவது சுற்றில் பாதியில் நின்ற வேலைகளை மட்டும் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றும். கழற்றுவதையும் லாக்கில் எழுதிக்கொண்டே போகும். நடுவில் மறுபடி கரண்ட் போனாலும் கழற்றியதையே இரண்டாம் தடவை கழற்றாமல் இருப்பதற்குத்தான் அது.

*

கரண்ட் போவதற்கு இது போதும். டிஸ்க் செத்தாலோ, நனைந்தாலோ, மனிதர் தவறு செய்தாலோ போதாது. ஆனால் அதே லாக்கை ஒரு பழைய முழு நகலோடு சேர்த்தால், விரும்பிய நொடிக்கு டேட்டாபேஸைக் கொண்டுபோய் நிறுத்தலாம். இது எப்படி என்று கிட்டே போய்ப் பார்க்க, பொழிச்சலூரில் ஒரு மருந்துக்கடையைக் கற்பனை செய்துகொள்வோம்.

கடை எஸ்கியூஎல் சர்வரில் ஓடுகிறது. இரவு 10:30-க்குக் கடை சாத்தியதும் முழு பேக்கப். காலை 8 மணியிலிருந்து கால் மணிக்கு ஒரு தடவை லாக் பேக்கப். ஒரு நாள் மாலை, காலாவதியான மருந்துகளைப் பட்டியலிலிருந்து நீக்கித் தரச் சொல்லி மென்பொருள் நிறுவனத்தை அழைக்கிறார் கடைக்காரர். சப்போர்ட் ஊழியர், தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் வழியாக உள்ளே வந்து, நீக்கும் கட்டளையைத் தட்டுகிறார். 'காலாவதியானவை மட்டும்' என்ற நிபந்தனை வரியைச் சேர்க்க மறந்துபோகிறார். மணி 4:17. இருப்பு அட்டவணை காலி. இருப்பு இல்லை என்று மென்பொருள் அடுத்த பில்லையே போட மறுக்கிறது.

இந்த நேரத்தில் பதற்றத்தில் செய்யக்கூடிய மோசமான காரியம், நேற்றிரவு நகலை எடுத்து ஓடும் டேட்டாபேஸின் மேலேயே ரீஸ்டோர் செய்வது. இன்று முழுவதும் போட்ட பில்கள் அதோடு போய்விடும். சரியான வழி மெதுவாகத் தெரியும், ஆனால் அதுதான் வழி. முதலில் பில்லிங்கை நிறுத்திவிட்டு, வருகிறவர்களுக்குக் காகிதத்தில் பில் எழுத வேண்டும். அடுத்து, 4:15-க்குப் பிறகு லாக்கில் சேர்ந்திருப்பதையும் ஒரு பேக்கப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். தவறான கட்டளையும் அதற்குள்தான் இருக்கிறது, இருக்கட்டும். பிறகு நேற்றிரவின் முழு நகலை வேறொரு பெயரில், பக்கத்திலேயே ரீஸ்டோர் செய்ய வேண்டும். அப்போது 'நோரெக்கவரி' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். 'இன்னும் லாக் வரும், கதவை மூடாதே' என்பது அதன் பொருள். அந்தச் சொல்லை விட்டுவிட்டால் டேட்டாபேஸ் திறந்துகொள்ளும்; அதன்மேல் எந்த லாக்கையும் ஏற்ற முடியாது; முதலிலிருந்து தொடங்க வேண்டும். ரீஸ்டோரைப் பழகிப் பார்க்காதவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

இப்போது காலை 8 மணி லாக், 8:15 லாக், 8:30 லாக் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏற்ற வேண்டும். நடுவில் ஒரு கோப்பு காணாமல் போயிருந்தால் பயணம் அங்கேயே முடிந்தது. 1:45 கோப்பு இல்லையென்றால் 1:30-க்கு மேல் ஒரு அடியும் நகர முடியாது, அதற்குப் பின்னால் உள்ள பத்துக் கோப்புகளும் நன்றாகவே இருந்தாலும். கடைசியாக எடுத்த லாக்கை ஏற்றும்போது 'ஸ்டாப்அட்' என்று சொல்லி, நேரத்தை 4:16:59 என்று கொடுக்க வேண்டும். டேட்டாபேஸ் அதுவரை நடந்ததையெல்லாம் திரும்ப நடத்தி, அந்த நொடியில் பாதியில் இருந்த வேலைகளைக் கழற்றி, எழுந்து நிற்கும். இருப்பு அட்டவணை முழுசாக இருக்கும். அதை மட்டும் எடுத்து ஓடும் டேட்டாபேஸில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு காகிதத்தில் எழுதிய பில்களை ஏற்ற வேண்டும். டேட்டாபேஸ் 4:16-க்குப் போய்வந்தாலும் அதற்குப்பின் விற்ற மாத்திரைகள் அலமாரிக்குத் திரும்பியிருக்காது. அந்தக் கணக்கை மனிதர்தான் ஒட்ட வேண்டும்.

போஸ்ட்கிரஸில் சொற்கள் வேறு, காரியம் அதே. அங்கே லாக் 16 மெகாபைட் துண்டுகளாக வெட்டப்படும். பிஜிபேக்ரெஸ்ட் போன்ற பேக்கப் மென்பொருள் அவற்றை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பிச் சேர்த்து வைக்கும். மீட்கும்போது இலக்கு நேரத்தைச் சொன்னால் போதும்.

நம் சிறு கடைகளில் இது நடக்காமல் போவதற்கு ஒரு சாதாரண காரணம் உண்டு. பெரும்பாலான பில்லிங் மென்பொருட்களோடு வருவது எஸ்கியூஎல் சர்வரின் இலவசப் பதிப்பான எக்ஸ்பிரஸ். 2022 பதிப்பில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜி.பி. வரை அது இடம் தந்தது. குறித்த நேரத்தில் தானாக வேலைகளை ஓட்டும் ஏஜென்ட் என்ற பகுதி அதில் இல்லை. தினமும் பேக்கப் எடுக்க வேண்டுமென்றால் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் யாராவது ஒருவர் உட்கார்ந்து எழுதி வைக்க வேண்டும். மேலும், அதில் டேட்டாபேஸ்கள் வழக்கமாகச் 'சிம்பிள்' என்ற முறையில் உருவாகின்றன. அந்த முறையில் வேலை முடிந்த லாக் இடம் மறுபடி பயன்படுத்தப்பட்டுவிடும். லாக் பேக்கப்பே எடுக்க முடியாது. அந்தக் கடை நேற்றிரவுக்குப் போகலாம். மாலை 4:16-க்குப் போக முடியாது. 'ஃபுல்' என்று மாற்றி, உடனே ஒரு முழு பேக்கப் எடுத்து, லாக் பேக்கப்பையும் தொடங்கி வைத்தால் அந்த வழி திறந்துகொள்ளும். மென்பொருள் விற்க வருகிறவரிடம் கடைக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது என்பேன்.

*

பேக்கப் ஓடுகிறது என்பதற்கும் பேக்கப் இருக்கிறது என்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனம் உலகத்துக்கே காட்டியது. உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளம் அது. களைத்துப்போயிருந்த ஒரு பொறியாளர், துணைச் சர்வரில் அழிக்க வேண்டிய கோப்புறையை முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் தவறு புரிந்து நிறுத்தியபோது சுமார் 300 ஜி.பி.யில் 4.5 ஜி.பி. மிச்சமிருந்தது.

அவர்களிடம் ஐந்து வகை ஏற்பாடுகள் இருந்தன. தினசரி நகலைத் தேடிப் போனார்கள். கிளவுட்டில் அந்த இடம் காலியாக இருந்தது. சர்வரில் ஓடியது போஸ்ட்கிரஸ் 9.6, நகல் எடுத்த கருவியோ 9.2 பதிப்பு. பதிப்பு பொருந்தாததால் ஒவ்வொரு நாளும் அது தோற்று நின்றது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் தினமும் போனது, ஆனால் அதில் சரியான கையொப்பம் இல்லாததால் அஞ்சல் சர்வர் வாங்க மறுத்துத் திருப்பிவிட்டது. நகல் எடுக்கும் கருவியும், அது தோற்றால் கூவ வேண்டிய மணியும் ஒருசேர ஊமையாக இருந்தன. கடைசியில் காப்பாற்றியது, ஆறு மணி நேரம் முன்னால் ஒருவர் வேறு வேலைக்காகக் கைப்பட எடுத்து வைத்திருந்த ஒரு நகல். அது வேகம் குறைந்த டிஸ்க்கில் இருந்ததால் தளம் திரும்பி எழச் சுமார் 18 மணி நேரம் ஆயிற்று. அந்த ஆறு மணி நேரத்தில் உருவான ஏறத்தாழ 5,000 திட்டப் பதிவுகளும் 5,000 கருத்துகளும் 700 புதிய பயனர் கணக்குகளும் போயின. நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. மீட்கும் வேலையை யூட்யூபில் நேரலையாகக் காட்டியது, நடந்தவற்றை முழுமையாக எழுதி வெளியிட்டது. அந்த நேர்மையால் இத்துறை கற்றுக்கொண்டது மிக அதிகம்.

துணைச் சர்வர் ஒன்று எப்போதும் உடனுக்குடன் ஒத்திசைந்து ஓடிக்கொண்டிருக்கிறதே, அது பேக்கப் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. முதன்மைச் சர்வர் தீப்பிடித்தால் அது உதவும். 4:17 கட்டளையை மட்டும் அது அடுத்த நொடியே தன்னிடமும் நடத்திவிடும். 2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் ஒரு மென்பொருள் பிழையால் 0.02 சதவீதப் பயனர்களின் அஞ்சல்பெட்டிகள் காலியாயின. கூகுள் அந்த அஞ்சல்களைப் பல டேட்டா சென்டர்களில் பல நகல்களாக வைத்திருந்தும், பிழை அவற்றையும் தொட்டுவிட்டது. காந்த நாடாவில், இணைப்பில்லாமல் தனியாக இருந்த நகல்தான் அந்த அஞ்சல்களைத் திருப்பிக் கொடுத்தது.

*

தூரத்துக்கு வருவோம். பொழிச்சலூர் கடையின் நகலைத் தாம்பரத்தில் மைத்துனர் வீட்டில் வைப்பது நல்ல தொடக்கம். தீ, திருட்டு இரண்டுக்கும் அது போதும். மழைக்குப் போதாது. 49 செ.மீ. பெய்தது தாம்பரத்தில்தான், முடிச்சூரும் வரதராஜபுரமும் அதே இரவில்தான் மூழ்கின. ஆற்றின் ஒரே படுகையில் இருக்கும் இரண்டு வீடுகளை இரண்டு இடம் என்று கணக்கிடக் கூடாது. ஓசூரிலோ கோயம்புத்தூரிலோ ஒரு நகல் இருந்தால்தான் அது இரண்டாவது இடம்.

பெரிய நிறுவனங்கள் இப்படி வேறு ஊர் தேடும்போது பலமுறை வந்து சேர்வது சென்னைக்குத்தான். மைக்ரோசாஃப்ட் தன் அஸூர் கிளவுட்டை 2015 செப்டம்பரில் இந்தியாவில் தொடங்கியபோது புனேவுக்கும் சென்னைக்கும் ஜோடி போட்டது. ஒன்றின் நகல் மற்றதில் இருக்கும். மும்பையில் இயங்கும் தேசியப் பங்குச் சந்தையின் பேரிடர்கால மாற்றுத் தளமும் சென்னையில்தான் இருக்கிறது. மாற்றுத் தளம் வேறொரு நிலநடுக்க மண்டலத்தில் இருக்க வேண்டும் என்பது பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபியின் எதிர்பார்ப்பு.

தளம் இருப்பது வேறு, அதற்கு மாறுவது வேறு. 2021 பிப்ரவரி 24 அன்று காலை 11:40-க்குத் தேசியப் பங்குச் சந்தையில் வர்த்தகம் நின்றது. மாலை 3:45-க்குத்தான் மறுபடி தொடங்கியது. அந்த நான்கு மணி நேரமும் சென்னைத் தளம் இருந்தது, அதற்கு மாறவில்லை. அடுத்த மாதமே செபி விதிகளை இறுக்கியது: கோளாறு வந்த அரை மணி நேரத்துக்குள் அதைப் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்றுத் தளத்தில் எழ வேண்டும், 15 நிமிடத்துக்கு மேலான தரவு இழக்கப்படக் கூடாது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச் 2 சனிக்கிழமை, விடுமுறை நாளில் சந்தையைத் திறந்து ஒத்திகை பார்த்தார்கள். 9:15 முதல் 10 மணி வரை முதன்மைத் தளத்தில் வர்த்தகம். 11:30 முதல் 12:30 வரை மாற்றுத் தளத்தில். உண்மையான பணம், உண்மையான பங்குகள். அந்த ஒரு மணி நேர வர்த்தகம், ஆண்டுக்கணக்கான 'எல்லாம் சரியாக இருக்கிறது' அறிக்கைகளைவிட மேலானது.

வெள்ளமும் தீயும் தெரிந்து வருவதில்லை. தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தெரிந்தே வருகிறது, நகலைத் தேடிக்கொண்டு வருகிறது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. வெளிநோயாளிப் பதிவு, ஆய்வக முடிவு, பில் எல்லாம் பேனாவுக்கும் காகிதத்துக்கும் திரும்பின. சுமார் இரண்டு வாரம் ஆயிற்று பெரும்பாலான வேலைகள் கணினிக்கு மீள. மருத்துவமனையின் இ-ஹாஸ்பிட்டல் மென்பொருளில் இருந்த தரவு முழுவதும், பாதிக்கப்படாமல் தப்பிய ஒரு பேக்கப் சர்வரிலிருந்து எடுக்கப்பட்டுப் புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டது என்று அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் சொன்னது. அந்த ஒரு சர்வரும் மற்றவற்றோடு பூட்டப்பட்டிருந்தால் எத்தனை லட்சம் நோயாளிகளின் வரலாறு போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே மனம் பதைக்கிறது. எப்போதும் செருகியே இருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க் இந்த ஆபத்தில் முதல் நாளே போய்விடும். இரண்டு டிஸ்க் வாங்கி, வாரம் மாற்றி ஒன்றைக் கழற்றி எடுத்துப் போவது செலவு குறைந்த, வலுவான தற்காப்பு.

தரவு மிகப் பெரியது, அதனால் பேக்கப் இல்லை என்று சொல்லும் அரசு அமைப்பும் இருந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்து வைத்த ஜி-டிரைவ் அங்கேதான் இருந்தது. 858 டெராபைட்டும் போயிற்று; வேறெங்கும் நகல் இல்லை.

*

சிறிய அலுவலகம் ஒன்று ஒத்திகை பார்க்க விடுமுறை நாளும் சந்தையும் வேண்டாம். ஒரு பழைய லேப்டாப்பும் ஒரு ஞாயிறு மதியமும் போதும். ஓடும் சர்வரைத் தொடக் கூடாது. லேப்டாப்பில் அதே பதிப்பு டேட்டாபேஸை நிறுவி, வெளியூர் நகலை மட்டுமே பயன்படுத்தி எழுப்பிப் பார்க்க வேண்டும். எஸ்கியூஎல் சர்வரில் நகல் படிக்கும்படி இருக்கிறதா என்று சோதிக்கும் ஒரு கட்டளை உண்டு. அது பச்சைக் குறி காட்டுவதோடு திருப்தி அடைந்துவிடுவது பரவலான வழக்கம். கோப்பு படிக்கும்படி இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. முழுவதுமாக ரீஸ்டோர் செய்து, பிறகு பக்கங்களின் உள்ளமைப்பைச் சோதிக்கும் கட்டளையையும் ஓட்டினால்தான் நம்பலாம். அதன்பின் கடைசிப் பில் எண்ணையும், அந்த நாளின் மொத்த விற்பனையையும், முந்தைய இரவு அச்செடுத்த நாள்முடிவு அறிக்கையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் ஏன் என்று தேட வேண்டும்.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் எழுதி வைக்க வேண்டும். ஸ்கேன் படங்களோடு 200 ஜி.பி. வைத்திருக்கும் ஒரு கிளினிக், விநாடிக்கு 100 மெகாபைட் படிக்கும் டிஸ்க்கிலிருந்து அதை எடுக்க 34 நிமிடம் போதும். அதையே 100 எம்.பி.பி.எஸ். பிராட்பேண்டில் கிளவுட்டிலிருந்து இறக்கினால், லைன் ஒரு நொடியும் தடுமாறாவிட்டாலும், நான்கரை மணி நேரம். வெள்ளத்துக்கு மறுநாள் எந்த லைன் இருக்கப்போகிறது? அதனால்தான் கிளவுட்டில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டும் வேண்டும்.

ஒத்திகையில் மட்டுமே கண்ணில் படும் குறை ஒன்று உண்டு. இப்போது பல பேக்கப் மென்பொருட்கள் நகலைக் குறியாக்கம் செய்தே வைக்கின்றன. நோயாளிகளின் விவரம் என்றால் அப்படித்தான் வைக்கவும் வேண்டும். அந்தக் கடவுச்சொல்லோ சான்றிதழ்க் கோப்போ சர்வருக்குள்ளேயே மட்டும் இருந்தால், சர்வர் போன அன்று ஓசூரில் இருக்கும் நகலை யாராலும் திறக்க முடியாது. ஆகவே லேப்டாப்பில் ரீஸ்டோர் தொடங்குவதற்கு முன், அந்தச் சாவியைச் சர்வரைத் தொடாமல் எங்கிருந்து எடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். முதலாளியைத் தவிர இன்னும் ஒருவரிடமாவது அது இருக்க வேண்டும். காகிதத்தில் அச்சிட்டு, உறையிலிட்டு, வங்கி லாக்கரிலோ வேறூரில் உள்ள வீட்டிலோ வைத்தாலும் சரி. பில்லிங் மென்பொருளின் இன்ஸ்டாலரும் லைசன்ஸ் எண்ணும் அதே உறையில் போகட்டும்.